பழஞ்சேலைப் போர்வையும் பருத்திநூல் ஸ்வெட்டரும்: ஐப்பசி வரை நடந்த வேலை

பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் ஊரின் கைத்தறிச் சேலைகளில் தைத்துவரும் போர்வையின் மேல்தளம் முழுவதும் இணைந்துவிட்டது. மூன்று அடுக்குகளையும் சேர்த்துக் கையால் இழையோட்டும் வேலை பாதியைத் தாண்டி நடக்கிறது. அக்காள் மகளுக்காகப் பின்னும் பருத்திநூல் ஸ்வெட்டர் கழுத்தில் தொடங்கி அக்குள் வரை இறங்கி, இப்போது உடல்பகுதியில் சுற்றுச் சுற்றாக வளர்கிறது. இவை இரண்டுக்கும் நடுவே பனியன் துணிப் பட்டைகளில் ஒரு மிதியடியும் முடிந்து, கொல்லைக் கதவருகே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

க்வில்ட் எனும் அடுக்குத் துணிப் போர்வை தைப்பதற்கும் நிட்டிங் எனும் ஊசிப் பின்னல் செய்வதற்கும் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே துணி என்றால் நெருக்கமாக நெய்த மில் துணி, நூல் என்றால் இழுத்துவிட்டால் மீண்டுகொள்ளும் கம்பளி, போர்வை என்றால் பனிக்காலத்துக்கானது. திருப்பூருக்குப் பக்கத்தில் பல்லடத்தில் உட்கார்ந்து, தளர்வாக நெய்த கைத்தறிச் சேலையையும் மீளும் தன்மையே இல்லாத பருத்தி நூலையும் வைத்துக்கொண்டு, மார்கழி விடியலிலும் பெரிதாகக் குளிராத ஊருக்காக வேலை செய்யும்போது, அந்தச் செய்முறைகளின் ஒவ்வோர் அளவையும் நம் துணியிடம் கேட்டுத் திருத்தியாக வேண்டியிருக்கிறது. அப்படித் திருத்திய அளவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கோவையிலோ ஈரோட்டிலோ தாராபுரத்திலோ இதே வேலையைத் தொடங்க நினைப்பவருக்கு அவை பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சேலைகள். அவை அம்முச்சியுடையவை, அதாவது என் அம்மாவின் அம்மாவுடையவை. நெகமத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர் என்பதால் அவர் பெட்டியில் அந்தப் பகுதிக் கைத்தறிப் பருத்திச் சேலைகளே மிகுதி. நெகமம் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அம்முச்சி அந்தச் சேலைகளைக் காட்டு வேலைக்கும் கட்டினார், நோம்பி, பண்டிகைக்கும் கட்டினார். வெட்டப் போகிறேன் என்று சொன்னபோது, "ஏங் கண்ணு, கட்டுன சேலையக் கத்திரி வெக்க மனசு வருமா?" என்று கேட்டார். கிழிந்த இடம் போக மிச்சத்தைத்தான் எடுப்பேன், ஒரு சேலையிலிருந்து எடுத்தது எல்லாம் ஒரே போர்வையில் கூடவே இருக்கும் என்று சொன்ன பிறகு, தாமே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். கட்டுவதற்கு இன்னும் திடமாக இருந்தவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. தறியில் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்த நல்ல சேலையைத் துண்டு போடுவதற்குக் கைவேலை ஒரு காரணமாகிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய சேலையில் எல்லா இடமும் ஒரே வலுவில் இருப்பதில்லை. இடுப்பில் செருகும் பகுதியும் கொசுவத்தின் கீழ்ப்பகுதியும் முதலில் நைந்துபோகின்றன. முந்தானைக்கு உட்பக்கம் நெடுங்காலம் உழைக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா, துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து மெல்ல நகர்த்திப் பார்க்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். இழை விலகிய இடங்கள் வெளிச்சக் கோடுகளாகத் தெரிந்துவிடுகின்றன. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கிய பிறகுதான் அளவெடுத்தேன். இப்படிப் பார்த்து எடுத்த துணி, போர்வையில் மற்றத் துண்டுகளுக்கு முன்பாகக் கிழியாது.

வெட்டுவதற்கு முன் துண்டுகளுக்கு வடிகஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டேன். தளர்வான நெசவுள்ள துணி கத்திரியின் கீழே நழுவிச் சாய்வாக இழுபடும். கஞ்சியேறிய துணி காகிதம்போல் நிற்கும். நேர்க்கோட்டைக் கண்டுபிடிக்க ஸ்கேல் தேவைப்படவில்லை. ஓரத்தில் ஓர் இழையைப் பிடித்து உருவிவிட்டால் துணியின் குறுக்கே ஒரு நேரான வெற்றுத்தடம் விழுகிறது. அந்தத் தடத்திலேயே வெட்டினால் பாவும் ஊடையும் (நெடுக்கிழையும் குறுக்கிழையும்) துண்டின் ஓரங்களுக்குச் சரியாக இணையாக அமைகின்றன. கட்டம் போட்ட சேலைகளில் இதுவும் வேண்டாம்: ஓரங்குலக் கட்டம் என்றால் ஆறு கட்டம் எண்ணி வெட்டிவிடலாம், நெசவாளர் ஏற்கெனவே அளந்து கொடுத்துவிட்டார். (இந்த இழையெண்ணும் கணக்கில் நமக்கு மேலே நீலகிரியில் இருக்கும் தோடர் பெண்கள் தேர்ந்தவர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமாக அவர்கள் போடும் பூத்தையலுக்குக் கோடு வரைவதே கிடையாது. இழைகளை எண்ணித்தான் வடிவம் முழுவதும் எழுகிறது. கட்டங்களை எண்ணும்போதெல்லாம் அவர்களை மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.)

அடுத்தது பிடிமானத் துணியின் அளவு. க்வில்ட் செய்முறை எதை எடுத்தாலும் தையலுக்கு வெளியே கால் அங்குலம் விடச் சொல்லும். நெருக்கமான மில் துணிக்கு அது போதும். கைத்தறிச் சேலையில் கால் அங்குலம் விட்டால் சில துவைப்புகளிலேயே ஓர இழைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தையலை எட்டிவிடும். ஆகவே அரை அங்குலம் விட்டேன். ஆறங்குலச் சதுரமாக வெட்டினால் தைத்த பிறகு ஐந்து அங்குலம் நிற்கும். அகலத்தில் 12, நீளத்தில் 18 என்று 216 சதுரங்கள் சேர்ந்து 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் வருகிறது; ஒருவர் போர்த்திக்கொள்ள இந்த அளவு தாராளம். தையல் மடிப்புகளை இருபுறமும் விரித்து இஸ்திரி போடாமல், ஒரே பக்கமாகச் சாய்த்து, பின்னால் இழையோட்டும்போது அந்த மடிப்பும் ஊசியில் சிக்கும்படி கோடுகளை அமைத்தேன். இதனால் உள்ளே இருக்கும் பிசிறு ஓரம் நகர இடமில்லாமல் பிடிபட்டுவிடுகிறது.

நிறங்களை அடுக்கியதில்தான் அதிக நேரம் போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, பாக்கு, கிளிப்பச்சை என்று ஐந்து நிறக்குடும்பங்கள். ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் சதுரங்களைப் பரப்பினேன். மாலை வெயில் சாயும் நேரத்தில் கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் நிறங்கள் மறைந்து அடர்த்தியும் வெளுப்பும் மட்டும் தெரியும். அடர்ந்தவை ஓரிடத்தில் குவிந்திருந்தால் அப்போது பளிச்சென்று புலப்படும். அம்முச்சி ஊஞ்சலில் அமர்ந்தபடி, எந்தச் சேலை யார் கல்யாணத்துக்கு எடுத்தது, எது மாமன் சீராக வந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு சதுரங்களின் இடத்தை மாற்றினேன்: அவர் கல்யாணத்துக்குப் பின் முதன்முதலாக எடுத்த சேலையும் என் அம்மா பிறந்தபோது தாய்வீட்டில் எடுத்துக் கொடுத்த சேலையும் இப்போது நடுவில் அருகருகே இருக்கின்றன.

சாயம் குறித்து ஒரு வார்த்தை. பழைய சேலைகள் பெரும்பாலும் விடவேண்டிய சாயத்தை விட்டுவிட்டிருக்கும். ஆனாலும் அரக்கும் கருநீலமும் எப்போதும் சோதிக்க வேண்டியவை. ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்தித் தேய்த்தால் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். சாயத்தொட்டியில் உப்பின் வேலை வேறு: கரைசலில் உள்ள சாயத்தை இழைக்குள் தள்ளுவதற்காகவே அங்கே உப்பு சேர்க்கப்படுகிறது. சாயமேறி முடிந்த துணியிலிருந்து கசிவதைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பலமுறை அலசி, தண்ணீர் தெளியும்வரை விடுவதுதான் வழி. அந்தத் தொட்டி உப்பு பின்னர் எங்கே போனது என்பது திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் வாழ்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த காடுகரைகளின் மண்ணும் கிணறும் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவு துளியும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகே அவை படிப்படியாகத் திறந்தன. புதிய துணியை வாங்கிச் சாயம் போகிறதா என்று கவலைப்படுவதைவிட, முப்பது நாற்பது ஆண்டுகளாக வெளுத்த சேலையை எடுத்துக்கொள்வது எனக்கு எல்லா வகையிலும் நல்லதாகப் படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நடு அடுக்கு. க்வில்ட் என்பது மேல்தளம், நடுவே பஞ்சடுக்கு, அடித்துணி என்ற மூன்றும் தையலால் ஒன்றாவது. குளிர்நாட்டுச் செய்முறைகள் நடுவில் பாலியஸ்டர் விரிப்பையோ பருத்தி விரிப்பையோ வைக்கச் சொல்கின்றன. கோவையில் பாலியஸ்டர் விரிப்பு சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8.5 சதவீதம் ஈரத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும், கம்பளி 16 சதவீதம், பாலியஸ்டரோ 0.4 சதவீதம்தான். நம் ஊரில் போர்த்திப் படுப்பவரின் உடம்பு இரவு முழுவதும் மெல்ல வியர்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளாத ஒன்றை நடுவில் வைத்தால் போர்வை பாதி இரவில் கால்மாட்டுக்குப் போய்விடும். இலவம்பஞ்சு வைக்கலாமே என்று அத்தை கேட்டார். தலையணைக்கு அதைவிட நல்ல பஞ்சு இல்லை. ஆனால் இலவ இழை வழுவழுப்பானது, மெழுகுப்பூச்சு உள்ளது, சுருள் இல்லாதது. ஓர் இழை மற்றதைப் பற்றிக்கொள்ளாது. இறுக்கமான உறைக்குள் அடைபட்டிருக்கும்வரை சரி, பரந்த போர்வையில் அது தையல் கோடுகளுக்கு இடையே நகர்ந்து மூலைகளில் திரண்டுவிடும். மெத்தைக் கடையில் கொட்டிய பருத்திப் பஞ்சை அப்படியே பரப்பினாலும், இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாவது ஓட்டவில்லை என்றால் துவைத்ததும் கட்டி தட்டும்.

ஆகவே நான் எடுத்தது அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், எட்டு முழ வேட்டிகள் இரண்டு. பழைய வேட்டியின் மென்மைக்கு ஈடான பருத்தித் துணி கடையில் கிடைக்காது. கரையை நீக்கி, நடுவில் வெட்டி, இரண்டு பாதிகளையும் பக்கவாட்டில் இணைத்தால் 60-க்கு 90 அளவை மூடி நாற்புறமும் மிச்சம் வருகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வேட்டி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. வங்கத்தின் காந்தா பழைய சேலையையும் வேட்டியையும் அடுக்கித் தைப்பதுதான். சேலைக்கரையிலிருந்து உருவிய நூலையே தையலுக்கும் பயன்படுத்தினார்கள். பீகாரின் சுஜனியும் அவ்வகை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி இன்னும் துணிச்சலானது. அவர்கள் மேல்தளத்தைத் தனியாக இணைப்பதே இல்லை. ஒரு பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து மடித்து ஓட்டிக்கொண்டே நடுவை நோக்கி நகர்கிறார்கள். துண்டுகளை ஒட்டுவதும் இழையோட்டுவதும் ஒரே வேலையாக முடிந்துவிடுகின்றன. வெப்பநாட்டுக்கான போர்வைக்கலை நம் துணைக்கண்டத்திலேயே இவ்வளவு முழுமையாக இருக்கிறது. அடுத்த போர்வையைக் கவந்தி முறையில் தைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய உண்டு.

அடித்துணிக்குச் சென்னிமலைக் கைத்தறிப் படுக்கை விரிப்பு. ஒற்றைக்கட்டில் அளவு மேல்தளத்துக்குச் சரிசமமாக இருந்துவிடும். இழையோட்டும்போது துணி உள்ளே இழுபடுவதால் அடித்துணி நாற்புறமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அதனால் இரட்டைக்கட்டில் விரிப்பை வாங்கி, புதிது என்பதால் சுடுதண்ணீரில் துவைத்துச் சுருங்கவிட்டு, பிறகு வெட்டினேன். மேலே இருக்கும் சேலைகள் சுருங்க வேண்டியதெல்லாம் என்றோ சுருங்கியவை. கீழே இருப்பது பின்னால் சுருங்கினால் போர்வை முழுவதும் நெளிந்துபோகும்.

இழையோட்டத்துக்கு ஓர் அங்குலத்தில் எட்டு முதல் பத்துத் தையல் என்பது மேலைநாட்டுக் கைக்வில்ட்டின் இலக்கணம். நடுவில் இரண்டு வேட்டி இருப்பதால் நான்கு அடுக்காகிவிட்ட துணியில், தடித்த பருத்தி எம்பிராய்டரி நூலில், ஐந்து ஆறு தையல் போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். தையல் சற்றுப் பெரிதாகத் தெரிவது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வெள்ளை இழை சேலையின் அரக்கில் புள்ளி வைத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி அடுத்த கோட்டுக்கு மனம் தானாக நகர்கிறது. கோடுகள் ஓரங்குலத்துக்கு ஒன்று, கட்டங்களையொட்டியே. ஊசி குட்டையாக இருக்க வேண்டும்; நீள ஊசி அடுக்குகளுக்குள் வளைந்து தையலை ஒழுங்கில்லாமல் ஆக்கும். நடுவிலிருந்து வெளியே வேலை செய்தால் சுருக்கங்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறிவிடும். இன்னும் இருப்பது வலப்பக்கப் பாதியும், ஓரப்பட்டையும்தான். ஓரத்துக்கு அரக்குச் சேலையின் முந்தானைப் பகுதியில் கிராஸ் பட்டை வெட்டி வைத்திருக்கிறேன்; சாய்வாக வெட்டிய பட்டை மூலையில் நெளியாமல் திரும்பும், ஓரத்தில் எப்போதும் ஒரே இழை தேய்படாமல் பல இழைகள் அந்தத் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்வதால் நீண்டகாலம் உழைக்கும்.

மிதியடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருப்பூர் காதர்பேட்டைத் துணிச் சந்தையில் கிடைத்த பனியன் துணித் துண்டுகளை ஒன்றரை அங்குலப் பட்டைகளாகக் குறுக்குவாக்கில் வெட்டி இழுத்தால் ஓரங்கள் உள்ளே சுருண்டு, தடித்த உருண்டை நூலாகிவிடும். பெரிய கொக்கி ஊசியில் அதை வட்டமாகப் பின்னினால் மிதியடி. தண்ணீரை நன்றாக வாங்குகிறது, துவைத்தால் ஒன்றும் ஆவதில்லை.

பட்டை ஏன் சுருள்கிறது என்பதில்தான் ஸ்வெட்டரின் பாடமும் தொடங்குகிறது. பனியனுக்கான சிங்கிள் ஜெர்சி துணியும், ஊசிகளில் நாம் கையால் பின்னும் நேர்ப்பின்னலும் அமைப்பில் ஒன்றே. ஒரே நூல் கண்ணியாக வளைந்து, முந்தைய வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து, அடுத்த கண்ணிக்கு இடம் கொடுக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் இல்லாததால் வளைந்த நூல் நிமிர முயலும் விசை சமன்படாமல், வெட்டிய ஓரம் சுருள்கிறது. திருப்பூர் வட்ட எந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி என்றால், என் கையில் ஓர் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி, வேறுபாடு அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1589-இல் வில்லியம் லீ கைப்பின்னலைப் பார்த்துத்தான் முதல் பின்னல் எந்திரத்தை அமைத்தார். 1847-இல் மாத்யூ டவுன்செண்ட் உருவாக்கிய, முனையில் தாழ்ப்பாள்போல் திறந்து மூடும் ஊசியின் வழித்தோன்றலே இன்று திருப்பூரில் ஓடுவது. பனியனின் ஊரில் கையால் எதற்குப் பின்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிது: எந்திரம் செய்வது இன்னதென்று முழுமையாகப் புரிந்துகொண்டது, நான் கையில் ஊசியை எடுத்த பிறகுதான்.

ஸ்வெட்டருக்கு நூல் வாங்கியதும் இங்கிருந்தே. திருப்பூரின் கட்டிங் மேசைகளில் விழும் துண்டுகளை நிறம்வாரியாகப் பிரித்து, எந்திரத்தில் கிழித்து மீண்டும் பஞ்சாக்கி, இப்பகுதியின் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் நூற்கின்றன. துண்டின் நிறமே நூலின் நிறம் என்பதால் மறுபடி சாயமிட வேண்டியதில்லை. கிழிபட்டதில் இழைகள் குட்டையாகிவிடுவதால் நூலுக்கு வலு சற்றுக் குறைவு. சிலவற்றில் வலுவுக்காகப் பாலியஸ்டர் கலந்திருக்கும். ஒரு சாண் நூலைத் தீயில் காட்டிப் பார்க்க வேண்டும்: காகிதம் எரியும் வாசத்தோடு மென்சாம்பலானால் பருத்தி, உருகிக் கடினமான மணியாக நின்றால் கலப்பு. எனக்குக் கிடைத்தது மழைமேகச் சாம்பல்நிறப் பருத்திக் கோன், 10-ஆம் நம்பர். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை வருகின்றனவோ அதுவே நூல் நம்பர். ஆகவே 10-ஆம் நம்பர் நூல் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 17 மீட்டர். எட்டு இழையை ஒன்றாக்கினால் 50 கிராமுக்கு 105 மீட்டர் என்ற கணக்கு வந்து, 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பொருத்தமாகிறது.

எட்டு இழையை வெறுமனே சேர்த்துப் பிடித்தால் ஊசிமுனை நடுவே புகுந்து நூலைப் பிளக்கும். அதனால் ராட்டையில் ஏற்றி, ஒற்றை இழையில் இருக்கும் முறுக்குக்கு எதிர்த்திசையில் லேசாக முறுக்கிக்கொண்டேன். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. டீ-சர்ட் சில துவைப்புகளுக்குப் பின் பக்கத்தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒற்றை நூலின் முறுக்கு ஒரே திசையில் இருப்பதால் கண்ணிகள் ஒருபக்கமாகச் சாய்வதே அதற்குக் காரணம். எதிர்முறுக்கில் சேர்த்த நூலில் இரண்டு விசைகளும் ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன. பின்னல் நேராக நிற்கிறது.

மாதிரித் துண்டைப் பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்போமோ அப்படியே துவைத்து, தட்டையாகக் கிடத்தி உலர்த்திய பிறகே அளக்க வேண்டும். ஈரப் பருத்தி கனமானது. கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும். எனக்குப் பத்துச் சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 30 வரிசை வந்தது. மார்புச் சுற்றளவு 60 சென்டிமீட்டருக்கு 132 கண்ணி. அதே 132 கண்ணியை, பத்துச் சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வரும் கையால் பின்னினால் சுற்றளவு 66 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு கண்ணி வேறுபாடு குழந்தைச் சட்டையில் ஒரு வயதுக்கும் மேலான வேறுபாடு. வட்ட ஊசியில் சுற்றாகப் பின்னப் போகிறோம் என்றால் மாதிரியையும் சுற்றாகவே பின்னுவது நல்லது. முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னும்போது மறுபக்கத்தில் வரும் எதிர்க்கண்ணி (பர்ல்) வரிசையில் பலருக்குக் கை சற்றுத் தளரும். சுற்றுப் பின்னலில் எதிர்க்கண்ணி வரிசையே வராது என்பதால் அளவு மாறும்.

கம்பளிக்கான செய்முறையில் நான் அதிகம் மாற்றியது ரிப் ஓரங்களை, அதாவது நேர்க்கண்ணியும் எதிர்க்கண்ணியும் மாறிமாறி வரும் ஓரப் பட்டைகளை. இழுத்தால் மீண்டு வரும் குணம் கம்பளி இழையின் சுருளிலேயே இருக்கிறது. பருத்தியில் அது கிடையாது. கழுத்தும் கீழ்விளிம்பும் கம்பளிச் செய்முறைப்படியே இருந்தால் சில நாளில் வாய் பிளந்துவிடும். ஊசியை 3.25 மில்லிமீட்டராகக் குறைத்து, நேர்க்கண்ணிகளைப் பின்புறமாக ஊசி நுழைத்து முறுக்கிப் பின்னியதில் கழுத்து நன்றாகப் பிடித்து நிற்கிறது.

கம்பளியிலேயே பின்னியிருக்கலாமே என்று அக்கா கேட்டாள். கொங்கு நாட்டில் ஆடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் மேச்சேரி ஆட்டுக்கு உரோமம்தான் உண்டு, கம்பளி கிடையாது. குறும்பை ஆட்டின் கம்பளி முரடானது, தரைவிரிப்புக்கும் போர்வைக் கம்பளிக்கும் ஏற்றது. மென்கம்பளி தரும் நீலகிரி ஆடு நமக்கு அருகிலேயே, ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படுகிறது என்றாலும் எண்ணிக்கையில் மிகக் குறைந்துபோன இனம் அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாலைகளிலும் மார்கழிக் காலைகளிலும் நான்கு வயதுக் குழந்தைக்கு வேண்டியது, உடம்பை உறுத்தாமல் காற்றை மட்டும் தடுக்கும் ஒரு மேலாடை. பருத்தி அதைச் செய்யும், அம்மாக்கள் பயமில்லாமல் துவைக்கவும் முடியும்.

கழுத்திலிருந்து கீழாகப் பின்னும் முறையை எடுத்ததற்கும் குழந்தையே காரணம். உடம்பும் கைகளும் சேரும் நான்கு கோடுகளில் சீராகக் கண்ணி கூட்டிக்கொண்டே வந்தால் தோளும் கையும் உடம்பும் ஒன்றாக விரிகின்றன. அக்குளை எட்டியதும் கைகளுக்கான கண்ணிகளை வேற்று நூலில் கோத்து நிறுத்திவிட்டு உடம்பைத் தொடரலாம். இப்படிப் பின்னியதை அவ்வப்போது அவளுக்கு மாட்டிப் பார்த்து நீளத்தை முடிவு செய்யலாம், உயரம் கூடிய பிறகு கீழ்விளிம்பைப் பிரித்து மேலும் சில அங்குலம் வளர்க்கலாம். உடல்பகுதி இன்னும் ஒரு சாண் இறங்கியதும் கைகளை எடுப்பேன். இந்த ஆண்டுக்கு முக்கால் கை போதும் என்று அக்காவும் நானும் பேசிவைத்திருக்கிறோம். மறுசுழற்சி நூலின் நிறம் ஒவ்வொரு முறையும் விழும் துண்டுகளைப் பொறுத்துச் சற்று மாறிவிடும் என்பதால், அடுத்த ஆண்டு கையை நீட்டுவதற்கும் விளிம்பை வளர்ப்பதற்கும் வேண்டிய நூலை அதே கோனிலிருந்து இப்போதே முறுக்கி, வேப்பிலையோடு ஒரு துணிப்பையில் கட்டி, அக்கா வீட்டு அலமாரியில் வைக்கக் கொடுத்துவிட்டேன்.